35 நாளில் சினை உறுதியான மாடு 70 நாளில் மறுபடி பருவத்துக்கு வருவது ஏன்?

ஊசி நிற்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். சினை பிடித்திருக்கிறது, நஞ்சுக்கொடி உருவாகும் கட்டத்தில் கரு இறந்திருக்கிறது.

மாட்டின் கரு மெதுவாகத்தான் கருப்பையில் ஒட்டும். ஏறக்குறைய 20 நாள் வரை கருப்பைச் சுரப்பிகளின் சுரப்பை உறிஞ்சியே வளர்கிறது. 15 முதல் 17 நாளுக்குள் அது நீண்டு வளர்ந்து இன்டர்ஃபெரான் டவ் என்ற புரதத்தைப் போதிய அளவு சுரந்தால்தான் சினைப்பையிலுள்ள, சினையைக் காக்கும் ஹார்மோனைச் சுரக்கும் கார்பஸ் லூட்டியம் அழியாமல் இருக்கும். அங்கே தவறினால் மாடு வழக்கம்போல 21 நாளில் பருவத்துக்கு வந்துவிடும். கரு இருந்ததே தெரியாது.

உங்கள் மாடு அதைத் தாண்டிவிட்டது. 30 நாளையொட்டி, கருப்பைச் சுவரிலுள்ள கேரங்கிள் மொட்டுகளுக்குள் நஞ்சுக்கொடியின் கன்றுப் பக்கத்துத் திட்டுகளான காட்டிலிடன்கள் நுண்விரல்களை நுழைத்துப் பிணைகின்றன. பொதுவாக இப்படி 75 முதல் 120 பிணைப்புகள் அமையும். எண்ணிக்கையோ ரத்த நாளங்களோ குறைந்தால், வளரும் கருவின் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாது. இந்தக் கட்டத்தில் இறக்கும் கரு பெரும்பாலும் உள்ளேயே கரைந்துவிடுவதால் தொழுவத்தில் எதுவும் கண்ணில் படாது.

மடிநோய்க் காய்ச்சல், கடும் வெப்பம், ஈன்றபின் முழுதும் ஆறாத கருப்பை அழற்சி, கருப்பையின் ஒரே கொம்பில் (கிளையில்) இரட்டைக் கரு: முதலில் இவற்றைப் பாருங்கள். 60 முதல் 70 நாளில் இன்னொரு சினைப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். ஸ்கேனில் கருவின் இதயத்துடிப்பைப் பார்ப்பதே நம்பகமானது. நஞ்சுக்கொடிப் புரதத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனை, கரு இறந்த பிறகும் சில நாள் சினை என்றே காட்டும். சந்தேகம் தீராமல், கார்பஸ் லூட்டியத்தை அழித்துப் பருவத்தை வரவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போடவே கூடாது. உயிருள்ள கருவும் போய்விடும்.

ஐந்து மாதத்துக்கு மேல் கன்று வீசினால் கதை வேறு, அங்கே தொற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கன்று வீச வைக்கும் புரூசெல்லா பாக்டீரியா நஞ்சுக்கொடியின் செல்களுக்குள்ளேயே பெருகும். நலமான காட்டிலிடன் அடர்சிவப்பாக, மென்மையாக இருக்கும். நோயுற்றது மஞ்சள் பழுப்பாகச் செத்திருக்கும், இடைப்பட்ட சவ்வு தோல்போலத் தடித்திருக்கும். பூஞ்சைத் தொற்றிலும் இப்படித் தடிப்பதால் கண்ணால் பார்த்து முடிவுகட்ட முடியாது. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் (குறைந்தது மூன்று நான்கு காட்டிலிடன்களோடு) ஐஸில் வைத்து, உறையவிடாமல், ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மாட்டின் ரத்தம் அன்றும் இரண்டு மூன்று வாரம் கழித்தும் எடுக்க வேண்டும்.

கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் நஞ்சுக்கொடியைத் தொடாதீர்கள், மனிதருக்கும் தொற்றும். கர்ப்பிணிகள் அருகிலேயே வரக்கூடாது. பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். முடிவு வரும்வரை அந்த மாட்டைத் தனியே கட்டுங்கள், நாய் எட்டாத ஆழத்தில் மிச்சத்தைப் புதையுங்கள்.