எட்டு மாத நாய் திடீரென்று பேச்சைக் கேட்பதில்லை, என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் சார். சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டோடு தறி போட்டிருக்கிறோம். எட்டு மாத ஜெர்மன் ஷெப்பர்டு வளர்க்கிறோம். குட்டியாக இருந்தபோது கூப்பிட்டதும் ஓடி வந்தவன், இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அம்மா மேல் தாவுகிறான். ஐந்து வயது மகளை இடித்துத் தள்ளுகிறான். ஒரு மாதம் தங்கவைத்துப் பழக்கித் தருவதாக ஒரு பயிற்சியாளர் சொல்கிறார். விடலாமா? ஏற்காடு கோடை விழா நாய்கள் கண்காட்சிக்கும், அப்புறம் தடை தாண்டும் போட்டிகளுக்கும் கூட்டிப்போக ஆசை.

பதில்: உங்கள் நாய் கெட்டுப்போகவில்லை. ஆறேழு மாதத்தில் தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை வயது வரை நாய்களுக்கு விடலைப் பருவம். உங்கள் காலையே சுற்றிக்கொண்டிருந்த குட்டிக்கு இப்போது தெருமுனை வாசனைகள் பெரிதாகத் தெரிகின்றன. கற்றதை அவன் மறக்கவில்லை, கவனம்தான் சிதறுகிறது. இந்தக் கட்டத்தில்தான் பலர் வெறுத்துப்போய் நாயை நாள் முழுக்கக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் பத்து வருடத்துக்கு மேல் கூட இருக்கப்போகிற துணை அவன்.

தங்கவைத்துப் பழக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓர் இடத்தில் ஒருவரிடம் கற்றதை நாய் தானாக வேறு இடத்துக்குக் கொண்டுவராது. அங்கே சொன்னதும் உட்காருகிறவன் உங்கள் வாசலில் பழையபடி தாவுவான். அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. அதே பயிற்சியாளரை வாரம் ஒரு முறை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். பெல்ட் உங்கள் கையில் இருக்கட்டும், அவர் உங்களுக்குச் சொல்லித்தரட்டும். அதற்குச் சம்மதிக்காதவர் வேண்டாம்.

கூப்பிட்டால் வருவதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பியுங்கள். மொட்டை மாடி போதும். பத்து மீட்டர் கயிறு ஒன்றை மார்புப் பட்டையில் மாட்டித் தரையில் இழுபட விடுங்கள். உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவன் எதையாவது மோந்துகொண்டிருக்கும்போது பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை ‘வா’ என்று கூப்பிட்டுவிட்டு, நீங்கள் பின்னால் நகருங்கள். காது திரும்பும், அப்புறம் தலை திரும்பும். தலை திரும்பிய அந்த நொடியே ‘சபாஷ்’ என்று பாராட்டுங்கள். பாராட்டு ஓரிரு நொடி தள்ளிப்போனாலும் எதற்குக் கிடைத்தது என்று அவனுக்குப் புரியாது. வந்ததும் கறியைக் கொடுத்து, மறுபடி மோந்து பார்க்க விட்டுவிடுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். விளையாட்டை நிறுத்திக் கட்டிப்போட மட்டுமே கூப்பிட்டால், எந்த நாய்தான் வரும்? எவ்வளவு தாமதமாக வந்தாலும் அடிக்காதீர்கள். வந்ததற்குத்தான் அடி என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. மாடியில் சரியாக வந்தால் வாசல், அப்புறம் தெரு, அப்புறம் ஆள் நடமாட்டமுள்ள மைதானம். ஓர் இடத்தில் தடுமாறினால் முந்தைய இடத்துக்குத் திரும்புங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

தாவுவதற்கு மருந்து வீட்டில் எல்லோரும் ஒன்றுபோல் நடப்பது. நான்கு காலும் தரையில் இருந்தால்தான் அம்மாவோ மகளோ தொட வேண்டும். தாவினால் பேச்சில்லாமல் திரும்பிக்கொள்ளட்டும். ஒருவர் கொஞ்சி, ஒருவர் திட்டினால் மாதக்கணக்கில் இழுக்கும். ஆள் வந்தால் பாயில் போய்ப் படுக்கவும் இதே மாதிரி கறி கொடுத்துப் பழக்கலாம். மகளையும் நாயையும் மட்டும் தனியாக விடாதீர்கள். அவன் சாப்பிடும்போது அவள் கிட்டே போகவும் வேண்டாம்.

சேலம் வெயிலில் பயிற்சி விடிகாலையில்தான். பகலில் தார் ரோட்டில் உங்கள் புறங்கை ஐந்து நொடி தாங்காவிட்டால் அவன் பாதமும் தாங்காது.

கண்காட்சிக்குக் கூட்டிப்போகலாம், ஆனால் அதற்கு முன்பே கூட்டமில்லாத நாட்களில் சில முறை மலைக்குப் போய் வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரும் என்பதால், கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். ஏரிக்கரையில் குரங்கு, பஜ்ஜிக் கடை, குழந்தைகள் என்று எல்லாக் கவனச்சிதறலும் கிடைக்கும். தூரத்தில் நின்று தொடங்குங்கள். காபித் தோட்டப் பக்கம் அவிழ்த்துவிடாதீர்கள், காட்டெருமை நடமாட்டம் உண்டு. திரும்பியதும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் மைக் செட்டுக்கு அவ்வளவாக மிரள மாட்டான், அது உங்களுக்கு அனுகூலம்.

தடை தாண்டுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். பெரிய இன நாய்களின் எலும்பு வளரும் பகுதிகள் மூடவே ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகும். நாய்களுக்கான பன்னாட்டு அமைப்பான எஃப்.சி.ஐ. விதியும் 18 மாதம் முடியாத நாயை அஜிலிட்டி எனும் தடை தாண்டும் போட்டிக்கு அனுமதிப்பதில்லை. அதுவரை தரையில் கிடத்திய கம்பிகளைத் தாண்டி நடக்கவும், உங்கள் இடப்பக்கம் ஒட்டி வரவும், காத்திருக்கவும் கற்றுக்கொள்ளட்டும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். உயரத் தடை வைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். மூட்டு சரியில்லை என்றால் மோப்பப் பயிற்சிக்கு மாறலாம், அதில் குதிக்கும் வேலையே இல்லை.