டபுள் கெப்பும் இழுவையும்: கேள்வி பதில்

டபுள் கெப் (இரண்டு வரிசை இருக்கையும் பின்தட்டும் உள்ள பிக்கப் வண்டி), ட்ரெயிலர், இழுவை பற்றி மட்டும் கேளுங்கள். விலை, லீசிங் வட்டி, வரி எல்லாம் என் பாடமல்ல. கேட்கும்போது மூன்றையும் எழுதுங்கள்: ட்ரெயிலரில் என்ன ஏறும், எவ்வளவு தூரம் போகும், மற்ற நாளில் வண்டிக்கு என்ன வேலை. அது இல்லாமல் "எது நல்லம்" என்று மட்டும் கேட்டால் ஒரு வரியில்தான் பதில் வரும்.

வாழைச்சேனையிலிருந்து: அண்ணன், புதுசா டபுள் கெப் ஒண்டு எடுக்கப் போறன். பைபர் போட், 40 குதிரை எஞ்சின். கிழமைக்கு ரெண்டு தரம் இழுக்கணும், மற்ற நாள் மட்டக்களப்பு டவுனுக்கு வேலைக்குப் போய் வரணும். எல்லா வண்டியும் 3500 கிலோ இழுக்கும் எண்டு சொல்றாங்க. எதை எடுக்க?

ஹைலக்ஸ் 2.8, டி-மேக்ஸ் 3.0, ரேஞ்சர், புதிய ட்ரைட்டன் என்று எல்லாமே அவுஸ்திரேலியச் சந்தையில் ஃபோர் வீல் வடிவத்தில் 3500 என்றுதான் போட்டிருக்கின்றன. நான்கிலும் ஒரே இலக்கம் என்றால் அதை வைத்து எதைத் தெரிவு செய்வது? அதோடு அந்த 3500 பிரேக் உள்ள ட்ரெயிலருக்கு மட்டும். பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு இதே வண்டிகள் எல்லாவற்றிலும் 750 கிலோதான். நம் பக்கத்து வெல்டிங் கடையில் அடித்த படகு ட்ரெயிலரில் பிரேக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லையென்றால் எந்தக் கெப் எடுத்தாலும் உங்கள் இலக்கம் 750.

அடுத்தது, நிறுங்கள். போட், எஞ்சின், எண்ணெய்க் கான், ஈரவலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றி, லொறி நிறுக்கிற தராசு உள்ள ஒரு நெல் ஆலைக்குக் கொண்டுபோங்கள். கெப்பில் பூட்டியபடியே ட்ரெயிலர் சில்லுகளை மட்டும் தராசில் ஏற்றி ஒரு அளவு எடுங்கள். பிறகு கழற்றி, முன் தாங்குகாலையும் சேர்த்து முழு ட்ரெயிலரையும் தராசில் நிறுத்தி இன்னொரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கியில் இறங்கும் பாரம். அது ட்ரெயிலர் எடையில் பத்தில் ஒன்று அளவில் இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் வேகத்தில் ட்ரெயிலர் வாலாட்டும். கூடினால் கெப்பின் மூக்குத் தூக்கும்.

மூக்குத் தூக்குவதற்குக் கணக்கு இருக்கிறது. ஹைலக்ஸின் இரு அச்சுக்கும் இடைத்தூரம் 3.085 மீற்றர். கொக்கி பின் அச்சிலிருந்து 1.25 மீற்றர் தள்ளி இருந்து, அதில் 200 கிலோ இறங்கினால், பின் அச்சில் 281 கிலோ கூடும், முன் அச்சில் 81 கிலோ குறையும். ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் வேலை செய்வது அந்த முன் அச்சில்தான்.

இன்னும் ஒன்று. கையேட்டில் வண்டியும் ட்ரெயிலரும் சேர்ந்த உச்ச எடை என்று ஓர் இலக்கம் இருக்கும். உதாரணத்துக்கு அது 5850 என்றும், வெறும் வண்டி 2050 என்றும் வையுங்கள். 3500 கிலோ ட்ரெயிலரைப் பூட்டினால் மிச்சம் 300 கிலோ. ஐந்து பேர் ஏறினால் கணக்கு முடிந்தது, பின்தட்டில் ஒரு கானும் வைக்க முடியாது. விற்கிறவர் இந்த இலக்கத்தைச் சொல்ல மாட்டார். நீங்கள் கேட்க வேண்டும்.

உங்கள் போட் ட்ரெயிலரோடு 1500 கிலோவுக்குள் நின்றால், பிரேக் பூட்டிய ட்ரெயிலரோடு டி-மேக்ஸ் 1.9 தாராளமாகப் போதும். 350 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை 1800 சுற்றிலேயே வந்துவிடும். ஐந்து நாள் டவுனுக்கு வெறும் வண்டியாக ஓடுகிறவருக்கு 3.0 எஞ்சினின் செலவு எதற்கு?

சம்மாந்துறையிலிருந்து: வட்டையில இருந்து ஆலைக்கு ஒரே நடையில 30 மூட்டை நெல்லுக் கொண்டுபோக எந்தக் கெப் சரிவரும்?

மூட்டை 65 கிலோ என்றால் 1950 கிலோ. டபுள் கெப்பின் பின்தட்டு ஏறத்தாழ ஒரு தொன்னுக்கானது, அதிலும் ஆட்களின் எடையைக் கழிக்க வேண்டும். உங்களுக்குத் தேவை சின்ன லொறி. கெப்புக்கு வில் பிளேட் கூட்டிப் பாரம் ஏற்றலாம் என்று யாராவது சொல்லுவார்கள். பிளேட் கூட்டினால் வண்டி தாழாது, அவ்வளவுதான். சேஸி, அச்சு, பிரேக் எதுவும் கூடுவதில்லை.

காத்தான்குடியிலிருந்து: அண்ணன், ஹைலக்ஸ் நல்லமா டி-மேக்ஸ் நல்லமா?

ட்ரெயிலர் எடை எவ்வளவு?

கல்லாற்றிலிருந்து: இழுவைக்கு ஓட்டோ கியரா, கைக் கியரா?

படகை இறக்கி ஏற்றுவதே முக்கிய வேலை என்றால் ஓட்டோ. சரிவில் ட்ரெயிலரைப் பின்னுக்குத் தள்ளும்போதும், ஈரப் படகை மேலே இழுக்கும்போதும் கைக் கியரில் அரைக் க்ளச்சில்தான் நிற்பீர்கள். க்ளச் கருகுவது அங்கேதான். ஓட்டோவில் டோர்க் கொன்வேர்ட்டர், நின்ற நிலையில் எஞ்சின் விசையை ஏறத்தாழ இரு மடங்காக்கிக் கொடுக்கும், தேய்வதற்கு அங்கே க்ளச் தட்டு இல்லை. கைக் கியர் ஃபோர் வீல் உள்ளவர்கள் சரிவில் லோ ரேஞ்சை (மெதுவாக, கூடிய விசையோடு ஓடும் தாழ் கியர் நிலை) போடுங்கள், க்ளச்சை முழுதாக விட்டு ஊரலாம்.

கல்முனையிலிருந்து: பிழையான கதை. ஓட்டோ கியர் இழுவைக்கு ஆகாது எண்டு கம்பனியே ஒத்துக்கொண்டது. பழைய ரெவோவில ஓட்டோக்கு 3200, கைக் கியருக்கு 3500. தெரியாமலா போட்டவன்?

அந்த இலக்கம் சரி. 2015 இல் வந்த 2.8 ஹைலக்ஸுக்கு, அதாவது நீங்கள் சொல்லும் ரெவோவுக்கு, அவுஸ்திரேலியாவில் அப்படித்தான் இருந்தது. ஆனால் 2020 மாற்றத்துக்குப் பிறகு இரண்டுக்கும் 3500. அதுமட்டுமா, அதே 2.8 எஞ்சினுக்கு ஓட்டோவில் 500 நியூட்டன் மீற்றர், கைக் கியரில் 420 தான். பாதிக் கதையைச் சொல்லி வண்டி தெரிவு செய்யாதீர்கள்.

கல்முனை, மீண்டும்: பதுளை றோட்டில இழுத்துப் பாருங்க. லுணுகலை ஏத்தத்தில ஓட்டோ சூடாகி நிண்டுரும். கைக் கியருக்கு அந்த நோய் இல்லை.

சூடாகும் என்பது உண்மை. எப்போது? டி இல் (கியர் தானாக மாறும் நிலையில்) போட்டுவிட்டு விட்டால் கியர் மேலும் கீழும் மாறி மாறித் தேடும். கொன்வேர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கும், வழுக்கல் முழுவதும் ஒயிலில் சூடாக இறங்கும். ஏற்றம் தொடங்க முன்னரே கையால் மூன்றிலோ நாலிலோ பூட்டி, எஞ்சினை 2000 முதல் 2500 சுற்றில் வைத்திருங்கள். பாரமாக அடிக்கடி அந்தப் பாதையில் போகிறவர் கியர் ஒயிலுக்குத் தனிக் கூலர் பூட்டட்டும். கியர் ஒயில் "வாழ்நாளுக்கும் போதும்" என்று கையேடு சொன்னாலும், இழுக்கிற வண்டிக்கு 60,000 கிலோமீற்றருக்குள் மாற்றுங்கள்.

மகா ஓயாவிலிருந்து: ரெண்டு பேரும் ஏத்தத்தைப் பற்றியே கதைக்கிறீங்க. இறக்கத்தில நியூட்ரல் போட்டு விட்டா டீசலும் மிச்சம், கியருக்கும் பாரமில்லை. முப்பது வருசமா லொறி ஓடுற ஆக்கள் எல்லாம் அப்படித்தான்.

ஐயா, மன்னிக்கவும், இதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரில் இறங்கும்போது இன்றைய டீசல் எஞ்சின் ஊசியை முழுதாக மூடிவிடும், டீசல் போகாது. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் எரிகிறது. அதாவது மிச்சம் என்பதே இல்லை. பாரத்தை எஞ்சின் பிடிக்காவிட்டால் பிரேக் மட்டும் பிடிக்க வேண்டும். பிரேக் தட்டு சூடேறி, பழைய பிரேக் ஒயிலில் ஊறிய தண்ணீர் கொதித்து ஆவியானால் மிதி தரைக்குப் போய்விடும், வண்டி நிற்காது. பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதற்குத்தான். ஏறின கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை இடைவிடாமல் உரசாமல், அழுத்தி வேகம் குறைத்துவிட்டு விடுங்கள்.

கல்முனை, மீண்டும்: இறக்கத்துக்குக் கைக் கியர் பிடிக்கிற மாதிரி ஓட்டோ பிடிக்காது. இதையாவது ஒத்துக்கொள்ளுங்க.

டி இல் விட்டால் பிடிக்காது, கையால் பூட்டினால் பிடிக்கும். இத்தோடு இதை விடுவோம், வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: நான் பாடசாலைக்கும் கடைக்கும்தான் ஓடுறது. அடிக்கடி டிபிஎஃப் லைட் பத்துது. கராஜில அதை வெட்டி எடுக்கச் சொல்றாங்க.

வெட்ட வேண்டாம், தங்கச்சி. புகையிலுள்ள கரியைப் பிடிக்கிற வடி அது. கரி எரிய ஏறத்தாழ 600 பாகை சூடு வேண்டும். ஐந்து நிமிட ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. எரிப்புத் தொடங்கி இடையில் நிறுத்தினால், அதற்காக ஊற்றின டீசல் எஞ்சின் ஒயிலில் கலந்து ஒயில் மட்டம் உயரும். ஒயில் கூடியிருக்கிறது என்று சந்தோசப்படாதீர்கள், அது நீர்த்த ஒயில். கிழமைக்கு ஒருமுறை ஓட்டமாவடி தாண்டி வெலிக்கந்தைப் பக்கம் 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஒரே வேகத்தில் ஓடுங்கள். சுப்பர் டீசலே அடியுங்கள், கந்தகம் குறைவு. ஒயிலும் சாம்பல் குறைந்த வகையாக இருக்க வேண்டும்.

2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அவுஸ்திரேலியாவில் விற்ற டீசல் ஹைலக்ஸ்களில் இந்த வடியின் வடிவமைப்பே குறையென்று அங்கே நீதிமன்றம் வரை போன வழக்கு இருக்கிறது. பழைய வண்டி எடுக்கிறவர்கள் இந்த வருடங்களைக் கவனியுங்கள். எல்லா வண்டியிலும் வடி இருப்பதில்லை. நாள் முழுக்க டவுனுக்குள்ளேயே ஓடுகிறவருக்கு வடி இல்லாத வடிவம் கிடைத்தால் தொல்லை குறைவு.

ஏறாவூரிலிருந்து: அண்ணன், ஹைலக்ஸ் நல்லமா எல்200 நல்லமா? சும்மா ஒரு ஐடியாக்குக் கேக்கிறன்.

ட்ரெயிலரைத் தராசில் நிறுத்தீர்களா?

பொத்துவிலிலிருந்து: சேர், ஃபோர் வீலை எப்பவும் போட்டு ஓடலாமா? அறுகம்பை, பாணமைப் பக்கம் மணல்லயும் போறது.

ஹைலக்ஸ், டி-மேக்ஸ், நவாரா மூன்றிலும் தார் றோட்டில் போடக் கூடாது. நடு டிஃபரன்ஷியல் இல்லாததால், வளைவில் முன் சில்லும் பின் சில்லும் வேறு தூரம் ஓட வழியில்லாமல் தண்டுகள் முறுகும். எல்200 இல் (ட்ரைட்டனின் இன்னொரு பெயர்) சுப்பர் செலக்ட் என்ற ஃபோர் வீல் அமைப்பு உள்ள வடிவத்தில் மட்டும், நடு டிஃபரன்ஷியல் திறந்திருக்கும் 4எச் நிலையைத் தாரில் போடலாம், நடுப் பூட்டு உள்ள 4எச்எல்சி போடக் கூடாது. மாரியில் ஈர றோட்டில் ட்ரெயிலர் இழுக்கிறவருக்கு இது பெரிய வசதி. எல்200 ஐத் தெரிவு செய்ய இதுவே நல்ல காரணம்.

மணலில் காற்றை 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள், ட்ரெயிலர் டயரிலும்தான். தாருக்கு வந்ததும் முதல் வேலை திரும்ப அடிப்பது.

திருக்கோவிலிலிருந்து: ட்ரெயிலர் பெயரிங் வருசத்துக்கு ரெண்டு தரம் போகுது. நல்ல பெயரிங்தான் போடுறன்.

பெயரிங்கில் பிழையில்லை, நேரத்தில்தான் பிழை. ஓடி வந்த ஹப் (பெயரிங் இருக்கும் சில்லின் நடுப்பகுதி) சூடாக இருக்கும். அப்படியே கடலில் இறக்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, சீலைத் தாண்டி உப்புத் தண்ணீரை உறிஞ்சும். அரை மணித்தியாலம் ஆற விடுங்கள், கை வைத்துப் பார்த்து இறக்குங்கள். தண்ணீர் தாங்கும் மரைன் கிரீஸ் போடுங்கள். பழைய கிரீஸின் மேல் போடாமல், கழுவி எடுத்துவிட்டுப் போடுங்கள். ஒவ்வொரு தரமும் புதுச் சீல். நட்டைப் பூட்டும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிடிக்கத் தொடங்கியதும் ஆறிலொரு சுற்று முதல் கால் சுற்று வரை தளர்த்தி, கொட்டர் பின்னைப் போடுங்கள். லைட் பிளக்கை இறக்க முன் கழற்றுங்கள், சூடான பல்பு தண்ணீரில் வெடிக்கும்.

கெப்பின் பின் அச்சுக்கும் இதே கதை. அச்சின் மேல் சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். அது அடைபட்டால் டிஃபரன்ஷியல் தண்ணீர் குடிக்கும். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

அம்பாறையிலிருந்து: 2.2 ரேஞ்சர். ஒயில் மாத்தும்போது கவனிக்க ஏதும் இரிக்கா?

வடிய விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பத்து நிமிடத்துக்குள் பூட்டிப் புது ஒயிலை ஊற்றுங்கள். கூட நேரம் விட்டால் பம்ப் காற்றுப் பிடித்து, ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தம் ஏறாது, எஞ்சின் போய்விடும். 3.2 க்கும், அதே எஞ்சின் உள்ள 2011 முதல் 2020 வரையான மஸ்டா பிடி-50 க்கும் இதுவே விதி.

ஓட்டமாவடியிலிருந்து: பாவிச்ச கெப் ஒண்டு பாத்திரிக்கன். வெள்ளத்தில நிண்டதா எண்டு எப்படிக் கண்டுபிடிக்க?

சீட் பெல்ட்டை முடிவு வரை இழுங்கள், கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கோடு நிற்கும். சீட்டைப் பூட்டிய போல்ட்டில் துருவா, கம்பளத்துக்கு அடியில் மணலா பாருங்கள். ஃபியூஸ் பெட்டிக் கம்பிகளில் பச்சை பூத்திருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வாருங்கள். நவாரா டி40 என்றால் சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், உள்ளிருந்து துருப்பிடிப்பது அந்த வடிவத்தின் பேர்போன நோய்.

செங்கலடியிலிருந்து: லைசன்ஸ் எந்த வகுப்பு வேணும்? ட்ரெயிலரையும் பதியணுமா?

ட்ரெயிலருக்குத் தனிப் பதிவும் இலக்கத்தகடும் வேண்டும், இன்சூரன்ஸ்காரருக்கும் இழுக்கிறதைச் சொல்லுங்கள். லைசன்ஸ் வகுப்பைக் கச்சேரி மோட்டார் போக்குவரத்துக் கிளையில் கேளுங்கள்.

காத்தான்குடி, மீண்டும்: நிறுத்திட்டன் அண்ணன். 1180 கிலோ. பிரேக் இல்லை.

இதைத்தான் முதலில் கேட்டேன். இரண்டு வண்டியும் 1180 ஐ இழுக்கும், பிரேக் இல்லாமல் இரண்டுமே இழுக்கக் கூடாது. ட்ரெயிலர் தள்ளும்போது தானே பிடிக்கிற ஓவர்ரன் பிரேக் இந்த எடைக்குப் போதும். கொக்கிக் கோளம் 50 மில்லிமீற்றரா இரண்டு அங்குலமா என்றும் பாருங்கள். இரண்டு அங்குலம் 50.8, 50 க்குச் செய்த பூட்டு அதில் சரியாக விழாது. சங்கிலி இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு, உங்கள் கராஜ்காரர் எந்த வண்டிக்குச் சாமான் எடுக்கப் பழகியவரோ அந்த வண்டியை எடுங்கள்.