உண்ணி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பத்து நாளாகக் காலையில் எழுந்தால் இடுப்பிலோ முழங்கால் மடிப்பிலோ ஓர் உண்ணி ஒட்டியிருக்கிறது. வாடகை வீடு, நாய், மாடு எதுவும் இல்லை. தோட்டத்திலிருந்து வருகிறதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: எப்போதும் காலையில்தான் என்றால், தோட்டத்தைவிடக் கட்டிலை ஒட்டிய சுவர்மேல்தான் எனக்குச் சந்தேகம், அம்மா. முன்பு குடியிருந்தவர்கள் நாய் வளர்த்தார்களா என்று கேளுங்கள். நாய் உண்ணி ரத்தம் குடித்து உப்பியதும் கீழே விழும். சுவரேறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் போன பிறகும் குஞ்சும் பெரிதும் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். நான் குடிபோன ஒரு வீட்டில், கதவு நிலைக்குப் பின்னால் டார்ச் அடித்தேன்: ஆமணக்கு விதை போலச் சாம்பல் நிறத்தில் ஒன்று, சுற்றிலும் எள்ளளவில் பத்துப் பதினைந்து!

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டு, வெள்ளை விரிப்பு விரியுங்கள். தோட்டத்துப் புல்மேல் வெள்ளை வேட்டியை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒட்டினால் அங்கேயும் இருக்கிறது.

கடித்ததைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். காய்ச்சலோ, உடம்பில் கருகிய புண்ணோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.