கண் கூசும் எல்இடி: கேள்வி-பதில்

கேள்வி: 10 வாட் எல்இடியை மேசையில் முழுக் கரண்டில் எரியவிட்டுச் சோதிக்கிறேன். கண் கூசுகிறது. எந்தக் கறுப்புக் கண்ணாடி வாங்கலாம்?

பதில்: கண்ணாடி வாங்காதீர்கள். கரண்டைக் குறையுங்கள்.

கேள்வி: எவ்வளவு குறைப்பது? அதற்கு எப்படிப்பட்ட பவர் சப்ளை வாங்க வேண்டும்?

பதில்: எரிகிறதா என்று பார்க்க 5 மி.மீ. எல்இடிக்கு 2 மில்லிஆம்பியர் தாராளம். 12 வோல்ட்டில் வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 9 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். 3 வாட் எல்இடிக்கு 20 மில்லிஆம்பியர் போதும்.

சப்ளை விற்பவர்கள் "0 முதல் 5 ஆம்பியர்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நமக்கு வேண்டியது அதன் அடிமட்டம். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. டிஸ்ப்ளே இரண்டு தசம இடம்தான் காட்டும் என்றால் ஒரு படி 10 மில்லிஆம்பியர். 2 மில்லிஆம்பியர் அதில் தெரியவே தெரியாது. மூன்று தசம இடம் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, அவுட்புட்டில் இருக்கும் கெப்பாசிட்டருக்குக் கரண்ட் லிமிட் (சப்ளையில் நாம் வைக்கும் கரண்ட் உச்சவரம்பு) பொருந்தாது. 12 வோல்ட் ஓடும்போது வயரை எல்இடியில் தொட்டால், லிமிட் விழிப்பதற்குள் கெப்பாசிட்டரில் தேங்கிய சார்ஜ் பாய்ந்துவிடும். பளிச்சென்று ஒரு வெட்டு, அதோடு எல்இடி போய்விடும். ஆகவே அவுட்புட்டுக்குத் தனி பட்டன் இருக்க வேண்டும்: முதலில் மாட்டுங்கள், பிறகு ஆன் செய்யுங்கள். பட்டன் இல்லாத ஒன்றை வாங்கிவிட்டு, இன்றுவரை ரெசிஸ்டர் இல்லாமல் அதில் எதையும் நான் மாட்டுவதில்லை.

கேள்வி: டிரைவர் போர்டுக்கு இன்புட் வோல்டேஜைக் குறைத்தும் வெளிச்சம் குறையவில்லை. போர்டு பழுதா?

பதில்: இல்லை. கான்ஸ்டன்ட் கரண்ட் பக் டிரைவர் செய்ய வேண்டிய வேலையே அதுதான். வோல்டேஜ் இறங்கினால் இன்புட்டில் கூடுதல் கரண்ட் இழுத்து, எல்இடிக்கு அதே கரண்டைக் கொடுக்கும். வெளிச்சமே இல்லாமல் சோதிக்க வழி உண்டு. எல்இடியைக் கழற்றிவிட்டு, 1என்4007 டயோடு நான்கை வரிசையாக, எல்இடி இருந்த திசையிலேயே போடுங்கள். ஒன்றுக்கு 0.8 வோல்ட் வீதம் 3.2 வோல்ட், டிரைவருக்கு அது ஒரு வெள்ளை எல்இடி. 700 மில்லிஆம்பியரைத் தாங்கும், ஆனால் கை வைத்தால் சுடும். கால்களை ஒட்ட நறுக்காதீர்கள்.

கேள்வி: லேசர் கண்ணாடி வாங்கினேன், வெள்ளை எல்இடி அப்படியே கூசுகிறது. "1064 நானோமீட்டர்" என்று போட்டிருக்கிறது.

பதில்: அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசருக்கானது. வாங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டிய எண்.

கேள்வி: எல்இடி மேல் ட்ரேசிங் பேப்பர் ஒட்டலாமா?

பதில்: ஒட்டினால் சூட்டில் பழுப்பேறும். 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக் துண்டை 5 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள்.

கேள்வி: 395 நானோமீட்டர் யூவி எல்இடிக்காக "யூவி 400" கண்ணாடி வாங்கினேன். வெறும் மஞ்சள் பிளாஸ்டிக்கோ என்று சந்தேகம்.

பதில்: உங்கள் மேல் தவறில்லை, மேலே எழுதியிருப்பதை நம்பித்தானே வாங்க முடியும்? இருட்டில் வெள்ளைத் தாளின் மேல் எல்இடியைக் காட்டுங்கள், தாள் நீலமாக ஒளிரும். இப்போது எல்இடிக்கும் தாளுக்கும் நடுவே கண்ணாடியைப் பிடியுங்கள். ஒளிர்வு பெருமளவு அடங்க வேண்டும். அடங்காவிட்டால் இரண்டு நிலையையும் படமெடுத்து அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மாற்றுக் கண்ணாடி வரும்வரை அந்த எல்இடியை ஒரு பெட்டிக்குள் வைத்தே எரியவிடுங்கள்.