மிளகு வாசனைக்குப் பின்னால் பழைய முந்திரி: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வறுத்த பருப்பைப் பற்றித்தான். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி): சீசன் சமயத்தில் ஊட்டியில் ஒரு கடையில் மிளகு முந்திரி அரைக் கிலோ வாங்கினேன். வீட்டில் பிரித்தால் சிக்கு வாடை. மறுநாளே எடுத்துக்கொண்டு போனேன். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதானா?

பதில்: இல்லை. நீங்கள் செய்ததெல்லாம் சரி, மறுநாளே போனது உட்பட. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள்ளும், போடாவிட்டால் 30 நாளுக்குள்ளும் எடுத்துக்கொள்ள வேண்டும். அச்சடித்த ஒரு வரி சட்டத்தை ரத்து செய்துவிடாது. பாக்கெட்டைக் கொட்டிவிடாதீர்கள். லேபிளையும் பில்லையும் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். அதிலும் மசியவில்லை என்றால் ஊட்டியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போகலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

இந்தச் சாக்கில் என் பழைய ஆதங்கத்தையும் கொட்டிவிடுகிறேன். முந்திரி, கடலை, பாதாம் எல்லாவற்றிலும் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். வால்நட்டில் அதற்கும் மேல். அந்த எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டால் காறிப்போகும். பச்சைப் பருப்பை விட வறுத்த பருப்பு சீக்கிரம் காறும், ஏனென்றால் வறுக்கும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் அறைகள் உடைந்து காற்றுக்கு வழி விடுகின்றன. வெயில் விழும் கண்ணாடி ஜாடியில் மாதக்கணக்கில் கிடந்த உப்பு முந்திரி விற்காமல் போனால் சில கடைகளில் என்ன நடக்கிறது? மறுபடி சூடுகாட்டி, மிளகோ பூண்டுப் பொடியோ சாட் மசாலாவோ புரட்டி, ‘ஸ்பெஷல்’ என்று பேர் வைத்துவிடுகிறார்கள். விலையும் கூடிவிடும். மசாலா வாசனையை மறைக்கும், காறலைப் போக்காது. லேபிளில் இருப்பது பேக் செய்த மாதம். எப்போது வறுத்தது என்று அது சொல்லாது. அதனால் ஒரு பருப்பைக் கேட்டு வாங்கி, இரண்டாக ஒடித்து, ஒடிந்த இடத்தை மோந்து பாருங்கள். பழைய பெயின்ட் டப்பா வாடை வந்தால் நகர்ந்துவிடுங்கள். மென்று முழுங்கிய பிறகு தொண்டையில் கரகரத்தாலும் அதே கதைதான். மோந்து பார்க்க விடாத கடையில் மசாலா வகை எதையும் வாங்காதீர்கள், வெறும் உப்புப் போட்டதை வாங்குங்கள். அதில் எதையும் ஒளிக்க முடியாது. இன்னும் நல்லது, பச்சையாக வாங்கி வீட்டில் வறுப்பது.

கேள்வி (ஊட்டி): 240, 320 என்று முந்திரியில் நம்பர் சொல்கிறார்கள். 320 தான் உயர்ந்த ரகம் என்று சொல்லி 240 விலைக்கே கொடுத்தார் கடைக்காரர். சரிதானே?

பதில்: தலைகீழ். ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் கூடினால் பருப்பு சின்னது, விலையும் குறைய வேண்டும். வறுத்துக் கொறிக்க 320 தாராளமாகப் போதும். 240 விலையைத்தான் கொடுக்கக் கூடாது. மரப்பெட்டி ‘கிஃப்ட் பேக்’கில் மேல் வரிசை மட்டும் முழுசு, அடியில் உடைசல் என்று நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். அதனால் உங்களைத் திட்டவில்லை.

கேள்வி (குன்னூர்): வீட்டில் வறுத்த முந்திரியில் உப்பு ஒட்டவே மாட்டேன் என்கிறது. எல்லாம் டப்பா அடியில்.

பதில்: கல்லுப்பையோ பரபரவென்ற தூளுப்பையோ அப்படியே போட்டிருப்பீர்கள். உப்பை மிக்ஸியில் மாவாக அரையுங்கள். 250 கிராம் முந்திரியை ஓவனில் 150 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம், நடுவில் இரண்டு முறை கிளறி வறுங்கள். வெளியே எடுத்த சூட்டிலேயே ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட்டுப் புரட்டி, அப்புறம் அரை டீஸ்பூன் உப்பு மாவு, அரை டீஸ்பூன் மிளகுத்தூள். மிளகாய்த்தூளும் பூண்டுப் பொடியும் இந்தக் கட்டத்தில்தான். முன்னாலேயே போட்டால் கருகிக் கசக்கும். கறிவேப்பிலையைத் தனியாக மொறுமொறுவென்று பொரித்து ஆறவிட்டுச் சேருங்கள், ஈரத்தோடு போட்டால் மொத்தமும் நமுத்துவிடும். கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் மெல்லிசாகச் சீவி, சின்னத் தீயில் பொரித்து, இளம்பொன் நிறத்தில் எடுத்துவிடுங்கள். காரம் கூடின பூண்டு, வழக்கத்தில் பாதி போதும்.

கேள்வி (கூடலூர்): நிலக்கடலை வறுத்து வைத்தால் காலையில் நமுத்துவிடுகிறது. அதிக நேரம் வறுத்தால் கருகுகிறது.

பதில்: சூடான கடலை எப்போதும் மெத்தென்றுதான் இருக்கும். மொறுமொறுப்பு ஆறிய பிறகுதான் வரும். அது தெரியாமல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வறுக்கிறீர்கள்.

அரைக் கிலோ பச்சைக் கடலைக்கு 100 மில்லி வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் உப்பைக் கரைத்து ஊற்றிப் புரட்டி, மூடி 20 நிமிடம் வையுங்கள். நடுநடுவே குலுக்கிவிடுங்கள். மீந்த நீரை வடித்துத் துணியில் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் துணியில் உலராது. 100 டிகிரி ஓவனில் 15 நிமிடம் வைத்தால் ஆயிற்று. அப்புறம் 160 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம், ஏழு நிமிடத்துக்கு ஒரு கிளறல். ஓவன் இல்லையா, இரும்புச் சட்டியில் கல்லுப்பைச் சூடாக்கி அதில் வறுங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே இறக்கிவிட வேண்டும், இறக்கிய பிறகும் சில நிமிடம் உள்சூட்டில் வறுபடும். உடனே அகலமான தட்டில் பரப்புங்கள். முழுக்க ஆறியதும், அரை மணி நேரம் போல, இறுக்கமான டப்பாவில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி கெடுக்கும். ராத்திரி திறந்து வைத்தால் மூடுபனி கெடுக்கும். நமுத்ததை 120 டிகிரியில் 8 நிமிடம் காட்டினால் திரும்ப வரும்.

கேள்வி (கொடைக்கானல்): கீழே வத்தலக்குண்டில் வாங்கிய முந்திரி பாக்கெட் வீட்டுக்கு வந்ததும் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. கீழே அடைத்த காற்று மேலே வந்து விரிந்திருக்கிறது. கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேல்தான். தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி (குன்னூர்): ஃபேஸ்புக் விளம்பரம் பார்த்துப் பாதி விலையில் இரண்டு கிலோ பாதாம் வாங்கினேன். முன்பணம் அனுப்பிவிட்டேன். வந்தது சின்னதாக, உருண்டையாக, கசப்பாக இருக்கிறது. வறுத்தால் கசப்பு போகுமா?

பதில்: முகவரி கேட்டீர்களா? பில் கேட்டீர்களா? 14 இலக்க உணவு உரிம எண் பாக்கெட்டில் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பாதாம் பாதி விலைக்கு ஏன் வரும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அது பெரும்பாலும் பாதாமி, அதாவது ஆப்ரிகாட், பழத்தின் கொட்டைப்பருப்பு. கசப்பான பருப்பில் உடம்புக்குள் சயனைடாக மாறும் பொருள் உண்டு. வறுத்தும் தின்னாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள். பணத்துக்கு உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ல் புகார் செய்யுங்கள். தாமதமானால் பணம் கை மாறிவிடும்.

கேள்வி (கோத்தகிரி): பருப்பு வறுக்க ஏர் ஃபிரையர் வாங்கலாமா, ஓடிஜி (மேஜை மேல் வைக்கும் சின்ன மின் ஓவன்) வாங்கலாமா?

பதில்: முதலில் வீட்டு பிளக்கைப் பாருங்கள். சின்ன 6 ஆம்ப் பிளக் தாங்குவது சுமார் 1,380 வாட்தான். ஏர் ஃபிரையர் பல 1,500 வாட். பழைய வீடுகளில் 16 ஆம்ப் பிளக் சமையலறையில் இருப்பதே அபூர்வம். கால் கிலோவுக்குள் வறுப்பவருக்கு ஏர் ஃபிரையர் போதும், 150 டிகிரியில் 8 நிமிடத்தில் எட்டிப் பாருங்கள். காற்று வேகத்தில் கடலைத் தோலும் மசாலாத் தூளும் பறக்கும், அதனால் மசாலாவை உள்ளே போடாதீர்கள். அரைக் கிலோ, ஒரு கிலோ என்றால் ஓடிஜி. அதன் குமிழ் காட்டும் டிகிரியை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். சுழலும் வறுவல் டிரம் வேண்டாம். என்னுடையது பரணில் இருக்கிறது.

கேள்வி (ஊட்டி): கடலையில் லேசாகப் பச்சைப் பூஞ்சை. நன்றாக வறுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. பூஞ்சை சாகும், அது விட்டுச் சென்ற அஃப்ளாடாக்சின் நஞ்சு வறுபட்டும் மிஞ்சும். கொட்டுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் வரும்.