விளையாடும் முன் பம்ப் அடித்தால் குழந்தைக்கு இழுப்பு வராமல் தடுக்கலாமா?

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் உங்கள் 9 வயதுப் பையன் சாக்கர் ஆடி முடித்ததும் இருமுகிறான், நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது. ஆட்டத்துக்கு முன்னாலேயே பம்ப் (இன்ஹேலர்) அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடிக்கலாம். ஓடும்போது வாயால் வேகமாக மூச்சு வாங்குகிறோம். ஜூலை ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலம்; அந்தக் காலைக் காற்று குளிர்ச்சி மட்டுமில்லை, வறண்டதும்கூட. மூச்சுக்குழாயின் உள்பக்கம் உலர்ந்து, சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. ஆட்டம் நின்ற 5, 10 நிமிடத்தில்தான் இது உச்சத்துக்குப் போகும். அதனால் வெறும் களைப்பு என்று விட்டுவிடுகிறோம்.

டாக்டர் சால்புட்டமால் (இறுகிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும் பம்ப் மருந்து) எழுதித் தந்திருந்தால், ஆட்டத்துக்கு 10–15 நிமிடம் முன்னால், பொதுவாக 2 பஃப் (இரண்டு அழுத்து). சுமார் 2 முதல் 4 மணி நேரம் தாங்கும். நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பங்கு தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும், அதனால் பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குழாயான ஸ்பேசர் அவசியம். அது கிடைக்காவிட்டால் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்ப் வாய் அளவுக்குத் துளை போட்டு, காற்று கசியாமல் ஒட்டிக்கொள்ளலாம். கிண்டல் இல்லை! கடை ஸ்பேசருக்கு இது ஈடு கொடுக்கிறது என்று கேப் டவுன் மருத்துவர்கள் 1999இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பம்பைக் குலுக்கிவிட்டு, இரண்டையும் சேர்த்து அடிக்காமல் ஒரு தடவைக்கு ஒரே பஃப்.

அப்புறம், இந்தப் பம்ப் தினமும் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். அப்போது அன்றாடம் ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு என்றதும் பாட்டிமார் பதறுவார்கள். ஸ்டீராய்டு மாத்திரையை விட இதன் அளவு மிகக் குறைவு. அடித்தபின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். சால்புட்டமால் பம்ப் அடித்தும் பேச முடியாமல் திணறினால் நேரே ஆஸ்பத்திரிதான்.