32 வயதில் நர்சிங் படிக்க நினைக்கும் ஒரு தாய்க்கு

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு, அப்புறம் ஒரு வருட நர்சிங் உதவியாளர் பயிற்சி, ஒன்பது வருடமாகத் தனியார் கிளினிக்கில் வேலை. நோயாளிகள் 'சிஸ்டர்' என்று கூப்பிடும்போதெல்லாம் மனதுக்குள் ஏதோ உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் மூன்றாம் வகுப்பு, மகன் யுகேஜி, கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இந்த வேலையை விடாமல் நர்சிங் படிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'முடியும்மா, பணத்தைக் கட்டுங்க' என்று சொல்ல ஆள் இருக்கிறது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் படிக்க முடியும், முழுநேர வேலையையும் சேர்த்து இழுக்க முடியாது. ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ ஆனாலும் பிஎஸ்சி நர்சிங் பட்டம் ஆனாலும் முழுநேரப் படிப்புதான். வீட்டிலிருந்தே தபால் வழியில் படித்துப் புதிதாக நர்ஸ் ஆக வழியில்லை. தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். வார்டுப் பயிற்சியோ நூற்றுக்கு நூறு முடித்தால்தான் சான்றிதழ். மகனுக்குக் காய்ச்சல் என்று போகாமல் விட்ட வார்டு நாளைப் பிறகு ஒரு நாள் நின்று ஈடுகட்டியே ஆக வேண்டும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், இரவு டூட்டியை விடாமல் முதலாண்டில் சேர்ந்தார். நான்காவது மாதம், வார்டில் பிபி பார்த்துக்கொண்டிருந்தபோதே கண் சொருகிவிட்டது. எத்தனை இருந்தது என்று சீனியர் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதே தூக்கக் கலக்கத்தில் கையில் ஊசி இருந்திருந்தால்? அதனால்தான் இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன்.

நீங்கள் முடித்த ஒரு வருடப் பயிற்சியை வைத்துத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. அது உங்கள் தவறு இல்லை. ஆனால் இன்னொரு தடவை அப்படி ஆகிவிடக் கூடாது. கல்லூரியின் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் படிப்புக்கே அனுமதி இருக்கிறதா என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். பதிவுக்குத் தகுதியில்லாத 'அசிஸ்டென்ட்' வகுப்பும் ஒரே வளாகத்தில் நடக்கலாம்.

ஜிஎன்எம் மூன்று வருடம், பிஎஸ்சி நான்கு வருடம். ஜிஎன்எம் முடித்துப் பதிவு செய்தவர்கள் பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பிஎஸ்சி படிக்கலாம். கூட்டிப் பார்த்தால் அந்த வழிதான் நீளம். இருந்தாலும் உங்களுக்கு ஜிஎன்எம் என்றே சொல்வேன், மூன்றாம் வருட முடிவில் வீட்டுக்குச் சம்பளம் வர ஆரம்பித்துவிடும். சேருவதற்கான வயது வரம்பு 35. ஆகவே இந்த வருடமே ஓட வேண்டியதில்லை. ஒரு வருடம் வேலையில் இருந்தபடியே தயாராகுங்கள், அடுத்த வருடம் சேருங்கள். அதற்கும் மேல் தள்ளிப் போடாதீர்கள்.

அந்த ஒரு வருடத்தில் என்ன செய்வது? முதலில், ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி. இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. வார்டுக்குள் போவதற்கு முன் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். கிளினிக்கில் இத்தனை வருடம் ஊசி தொட்ட உங்களுக்கு இதை யாராவது போட்டுவிட்டார்களா தெரியவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆங்கிலம். தமிழ் வழியில் படித்தவர்களை முதலாண்டில் சாய்ப்பது அனாட்டமியும் (உடலமைப்பு) பிசியாலஜியும்தான் (உடல் இயங்கும் விதம்). பாடம் கடினம் என்பதைவிட வார்த்தைகள் பயமுறுத்துகின்றன. ஒவ்வொரு வார்த்தையையும் உடைத்துப் பழகுங்கள். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. அப்பென்டிசைட்டிஸ், அப்பென்டெக்டமி இரண்டும் நீங்கள் தினம் காதில் கேட்ட வார்த்தைகள்தானே. ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தை போதும்.

கணக்கும் அப்படித்தான். 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், ஏற்றும் குழாயில் ஒரு மில்லிக்கு 15 சொட்டு என்று வையுங்கள். 500ஐ 15ஆல் பெருக்கினால் 7500 சொட்டு. 4 மணி நேரம் என்றால் 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 31 சொட்டு. ஒன்பது வருடமாகச் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைக் கண்ணளவில் திருகிய கை உங்களுடையது. இனி அந்தக் கை ஏன் அங்கே நிறுத்துகிறது என்று உங்களுக்கே தெரியும். பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் இருக்காது, நோயாளியிடம் பேசும் பக்குவமும் இருக்காது. வகுப்பில் வயதை நினைத்துக் கூச வேண்டாம்.

பணத்துக்குக் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம், படிப்பு முடித்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். ஆனால் கடன் படிப்புச் செலவுக்குத்தான். உங்கள் சம்பளம் நின்றுபோன வீட்டில் மளிகையும் ஸ்கூல் வேனும் எப்படி ஓடும் என்பதற்கு, குறைந்தது ஆறு மாதச் செலவைக் கையில் சேர்த்துவிட்டு வேலையை விடுங்கள். ஞாயிறு மட்டும் வந்தால் போதும் என்று கிளினிக்கில் ஒத்துக்கொண்டால், அதை முதலாண்டு தேர்வு முடிந்தபிறகு யோசிக்கலாம்.

கல்லூரி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பல இடங்களில் ஹாஸ்டலில் தங்கச் சொல்வார்கள். வீட்டிலிருந்து வந்துபோக அனுமதி உண்டா என்று கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு டூட்டியும் கிராமப் போஸ்டிங்கும் எந்த மாதம் வரும் என்று சேரும்போதே கேளுங்கள், கணவர் அப்போது வெளியூர் லோடு ஏற்காமல் இருக்கலாம்.

அப்புறம், பலரும் யோசிக்காத ஒன்று. வார்டில் இருக்கும்போது உங்கள் போன் பூட்டிய அலமாரியில் கிடக்கலாம். காலை பதினொரு மணிக்கு 'பையன் வாந்தி எடுக்கிறான்' என்று ஸ்கூலிலிருந்து கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்? கணவர் வண்டியில் இருப்பார். மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ, நிச்சயம் போய் அழைத்து வரக்கூடிய ஒருவரின் எண் ஸ்கூலில் இருக்க வேண்டும்.

ரெக்கார்டு நோட்டு மட்டும் வீட்டுக்கு வந்தே தீரும். நான் பார்த்த ஒரு வீட்டில், இரவு சாப்பாடு முடிந்ததும் தாய் இதயப் படம் வரைவார், ஏழு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து தமனிக்குச் சிவப்பும் சிரைக்கு நீலமும் தீட்டுவாள். கோடு தாண்டிய இடத்தை ரப்பரால் அழித்துவிட்டு இருவரும் தூங்கப் போவார்கள். உங்கள் மகளுக்கும் அந்த வயதுதான்.

என்னைப் பார்க்க வரும்போது தனியாக வராதீர்கள், கணவரையும் அழைத்து வாருங்கள். காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பது யார், பிள்ளைகளை வேனில் ஏற்றுவது யார் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். அதை அவர் கையால் எழுதட்டும்.